வருகையர் பூங்கோதை

“யாருன்னு கதவு கேக்குது,” என்றான் இளம்பரிதி.

“நீங்களே சொல்லுங்க,” என்றாள் பூங்கோதை. கழுத்தில் கல்யாண மாலை ஈரம் காயாமல் கனத்தது.

“என் பொண்டாட்டின்னு சொல்லிட்டேன். எந்தப் பிரிவுன்னு கேக்குது.”

“என்னென்ன பிரிவு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் செஞ்ச கதவுங்க அது.”

அவன் சிரித்தான். “அப்பச் சரி. இப்போதைக்கு வருகையர்னே போட்டுக்கிடட்டும். அம்மா ஆரத்தித் தட்டோட உள்ள நிக்கா, நல்ல நேரம் முடியப் போகுது. அப்புறம் மாத்திக்கலாம்.”

“சரி,” என்றாள் அவள்.

அந்தப் பேச்சு நடந்த பிறகு எத்தனையோ ஐப்பசி மழை பெய்து ஓய்ந்துவிட்டது. தூத்துக்குடியில் உப்பளங்கள் வெள்ளையாகப் பரந்து கிடந்த இடத்தில் இப்போது விண்கலங்கள் இறங்குகின்றன. அந்த ‘அப்புறம்’ மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அன்று மாலையும் பூங்கோதை தன் வீட்டு வாசலில் இருந்த வட்டக் கல்லின் மேல் கால்களைச் சேர்த்து வைத்து நின்றாள். கையில் மீன் பை. கதவு முதலில் அவள் நாடியைக் கேட்டது. பிறகு மூச்சைக் கேட்டது. “வருகையர் பூங்கோதை. உரிமையரின் அனுமதிக்குக் காத்திருக்கவும்,” என்றது.

அவளைத் தாண்டிக்கொண்டு பட்டாணி உள்ளே ஓடியது. பட்டாணி அந்த வீட்டு நாய். அங்கேயே பிறந்ததால் கதவின் கணக்கில் அது ‘இல்லத்தார்’. கதவு அதற்காக ஒரு சாண் விலகி வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மீன் வாசனைக்காகத் திரும்ப வெளியே வந்த பட்டாணி, கல்லின் மேல் நிற்பவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு மீண்டும் உள்ளே போனது.

நடுக்கடலில் இளம்பரிதியின் செவிமணி அதிர்ந்திருக்கும். காதுமடலுக்குள் அரிசி அளவில் பொருத்தப்பட்ட அந்த மணி எல்லோருக்கும் உண்டு. அவன் துறைமுகத்தில் கப்பல் வழிகாட்டி. கப்பல்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட பிறகும், துறைமுகத்துக்குள் நுழைய ஒரு மனிதன் வாயால் ‘வா’ என்று சொல்ல வேண்டும் என்ற சட்டம் மட்டும் நிலைத்திருந்தது. பகலெல்லாம் கப்பல்களுக்குச் சொன்ன அந்தச் சொல்லை மாலையில் மனைவிக்கும் சொன்னான்.

“வா, கோதை,” என்று கதவிலிருந்து அவன் குரல் வந்தது. அன்பான குரல். அதில் அவளுக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை.

“வாடி,” என்றாள் உள்ளே மாமியார் ருக்மணி. “நீ வந்து நிக்கன்னு கதவு சொன்னதுமே காப்பிக்குப் பாலை வெச்சிட்டேன்.”

“அப்பவே எந்திரிச்சு வந்து திறந்திருக்கலாமே அத்தை?”

“நான் எங்கத்த திறக்க? எனக்கு உள்ள இருக்கத்தான் உரிமை. திறக்க உரிமை எம்புள்ளைக்குல்லா. அவங்க அப்பா இருந்தப்ப சாவி அவங்க கையிலதான், நானும் இப்படித்தான் நின்னேன். மழையில நனைஞ்சா முடி நல்லா வளருமுன்னு நெனச்சுக்கிடுவேன்.”

இப்போது வீடுகளுக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. வாயிலிதான். வாயிலி என்பது கதவுக்குள் குடியிருக்கும் அறிவு. வருபவரின் நடையையும் தொண்டை அதிர்வையும் இரத்த ஓட்டத்தையும் கேட்டு ஆளை அறிந்துகொள்ளும். வீட்டுக்கு ஒரே ஒருவர் உரிமையர். அவர் குரலுக்குக் கதவு திறக்கும். அவருடைய இரத்த உறவுகளும் அந்த வீட்டிலேயே பிறந்த உயிர்களும் இல்லத்தார். தாமாகப் போகலாம், வரலாம், பிறருக்குத் திறந்துவிட முடியாது. மற்ற எல்லோரும் வருகையர். வருகையர் வாசலில் நிற்க வேண்டும். பால்காரர், தபால் கொண்டுவரும் இயந்திரம், மருமகள், மூவரும் நிற்க வேண்டும்.

வாயிலியை உருவாக்கியவள் பூங்கோதைதான். திருச்சியில் படித்து முடித்த கையோடு, கல்யாணத்துக்கு முன்பு, விடுதி அறையில் உட்கார்ந்து அதன் அடிப்படையை எழுதினாள். இரண்டு பேரால் திறக்க முடிகிற வீட்டில் திருடனுக்கு ஏமாற்றுவதற்கு இரண்டு பேர் கிடைக்கிறார்கள் என்பது அவள் வாதம். ‘ஒரு வாசல், ஒரு குரல்’ என்று அதற்கு ஒரு வாசகமும் எழுதினாள். முத்துவாசல் நிறுவனம் அந்த வாசகத்தை வைத்தே உலகமெங்கும் கதவுகளை விற்றது. அந்த ஒரு குரல் யாருடையதாக இருக்கும் என்று அந்த விடுதி அறையில் அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே எல்லா நாடுகளிலும் எல்லாக் குடும்பங்களும் அதற்கு ஒரே மாதிரி விடை எழுதிக்கொண்டன.

உரிமையராகச் சேர ஒரு வழி இருந்தது. சட்டம் கேட்டதால் அதையும் அவளே வைத்திருந்தாள். ‘சேர்ப்பு வேண்டுகோள்’ என்று பெயர். வருகையர் வாசலில் நின்று, தன் வாயால், உரிமையரிடம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால் இரண்டு குரல்களும் உரிமைக் குரல்கள் ஆகிவிடும். கேட்காமல் கொடுக்கப்படும் உரிமையைக் கதவு ஏற்காது. மிரட்டி வாங்கப்படும் உரிமைகள் அப்படித்தான் மௌனமாகக் கைமாறுகின்றன என்பதால் அந்த விதி.

பூங்கோதை கேட்கவில்லை. முதல் வருடம், ‘கேளு’ என்று அவரே சொல்லுவார் என்று இருந்தாள். அப்புறம், கேட்டா வாங்குவது என்று வீம்பு வந்தது. கணவன் கடலில் தொடர்பில்லாமல் போன ஒரு பிற்பகல், அடைமழையில் முழுக்க நனைந்து நின்றவள், அடுத்த வீட்டுக்காரி குடை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டாள். நனைவது தெருவுக்கே தெரியட்டும் என்று நின்றாள். தெருவுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. ‘ஐயோ, நனைஞ்சிட்டியா’ என்று தலை துவட்டிவிட்டு, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான். அவ்வளவு நல்லவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்பதுதான் அவளுடைய பெரிய கஷ்டம்.

அந்த வருடத்து உலகப் பாதுகாப்புத் தொழில் கண்காட்சி தூத்துக்குடிக்கு வந்தது. கடலுக்குள் நீண்ட கண்ணாடி மண்டபத்தில் எல்லா நாட்டுக் காவல் பொருட்களும் குவிந்திருந்தன. கொசு அளவு ரோந்துப் பொறிகள் ஒரு கடையில் ரீங்கரித்தன. கனவுகளைத் திருட்டுக் கொடுக்காமல் இருக்க நினைவுக் கவசம் விற்றார்கள். ஆளுக்குப் பின்னால் நடந்து வந்து முதுகைப் பார்த்துக்கொள்ளும் செயற்கை நிழலுக்கு முன்பதிவு நடந்தது. இத்தனைக்கும் நடுவில், வந்தவர்கள் பாதிப் பேர் இலவசத் துணிப்பை எங்கே கொடுக்கிறார்கள் என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். வாயிற்காவலரின் மச்சினன் அனுமதி அட்டை இல்லாமலே குடும்பத்தோடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான்.

முத்துவாசல் நிறுவனம் நடு மண்டபத்தில் ஒரு மாதிரி வீடு கட்டியிருந்தது. பழகிய கதவின் திறமையைக் காட்ட வேண்டும் என்பதற்காக, பூங்கோதையின் வீட்டு வாயிலியையே கழற்றிக்கொண்டு வந்து அங்கே பொருத்தினார்கள். உரிமையர் உள்ளே இருக்க வேண்டுமே? இளம்பரிதி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, மாதிரி வீட்டின் சோபாவில் உட்கார்ந்து கடலை கொறித்தான்.

முதல் நாள் முழுவதும் உடைப்பாளர்கள் முயன்றார்கள். சிறையிலிருந்து திருந்தி வந்து, கதவுகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். ஒருவர் இளம்பரிதியின் குரலை அச்சு அசலாகப் பேசும் கருவியைக் கொண்டுவந்தார். “குரல் சரி. மூச்சு சரியில்லை,” என்றது வாயிலி. இன்னொருவர் இளம்பரிதியையே வெளியே கூட்டிவந்து, முதுகில் ரப்பர் கத்தியை வைத்து, கதவைத் திறக்கச் சொல்லுமாறு மிரட்டினார். உரிமையர் பயந்திருந்தால் கதவு அவருக்குத் திறக்காது. அவரைப் பிடித்து வைத்திருப்பவனும் உள்ளே வந்துவிடக் கூடாது அல்லவா? ஆனால் இளம்பரிதிக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “இது நிஜப் பயமில்லை,” என்று கதவு திறந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

அதன் பிறகுதான் அது நடந்தது. வாயிலியின் ஒலி அளவைச் சரிசெய்யப் பூங்கோதை வாசலுக்குப் போனாள். பழக்க தோஷத்தில் கல்லின் மேல் கால் வைத்துவிட்டாள்.

“வருகையர் பூங்கோதை. உரிமையரின் அனுமதிக்குக் காத்திருக்கவும்.”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நிறுவனத்தின் தலைவர் ரொசாரியோ சட்டென்று மேடையில் ஏறினார். “பாருங்க! இந்தக் கதவைப் பெத்தவளே இவதான். அவளுக்கே அனுமதி இல்லாமத் திறக்காது. உங்க வீட்டுக்கு வேற என்ன பாதுகாப்பு வேணும்?”

உள்ளேயிருந்து இளம்பரிதி, “வா, கோதை,” என்றான். கதவு திறந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை.

அதிலிருந்து அது தனிக் காட்சி ஆகிவிட்டது. மணிக்கு ஒரு தடவை பூங்கோதை கல்லின் மேல் நிற்க வேண்டும், கதவு அவளை வருகையர் என்று அறிவிக்க வேண்டும், கணவன் ‘வா’ சொல்ல வேண்டும். ரொசாரியோவுக்குத் தலைகால் புரியவில்லை. “இதைவிட நல்ல விளம்பரம் நாம தேடினாலும் கெடைக்காதும்மா. நாளைக்குக் கடைசிக் காட்சியை எல்லா நாட்டுக்கும் நேரலையா விடுதோம். பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்திரு.”

“சார், எனக்கு இது பிடிக்கலை.”

“இதில பிடிக்காததுக்கு என்ன இருக்கு? உள்ளதைத்தானே காட்டுதோம்.”



சாப்பாட்டு இடைவேளையில் இளம்பரிதி பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பூரித்துப் போயிருந்தான். “ஜப்பான்காரங்க வந்து கை குடுத்தாங்க கோதை. புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணுமாம். நீ வந்து நிக்கதும், நான் வான்னு சொல்லுததும், அதுல ஒரு இது இருக்குல்லா?”

“எது?”

“அதான். ஒரு நாளைப் போல நான்தானே உனக்குக் கதவு திறக்கேன். யாரு பொண்டாட்டிக்கு இத்தனை தடவை வா சொல்லியிருக்கான்?”

அவன் கண்களில் உண்மையான காதல் இருந்தது. அவள் சால்னாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள்.

மாதிரி வீட்டின் பக்கத்தில் ஓர் அம்மாள் அவளுக்காகக் காத்திருந்தார். பெயர் அடயேமி. பூர்விகம் நைஜீரியா. நிலவில் எழும்பிக்கொண்டிருந்த பிறை நகரின் வீட்டுவசதித் தலைவர். பெரிய கொள்முதல் அவர் கையில் இருந்தது. அவர் தன் மொழியில் பேச, வாடகைக்கு எடுத்த பேச்சுமாற்றி அதைத் தமிழாக்கியது. உள்ளூரில் பழக்கிய கருவி என்பதால் அது நெல்லைத் தமிழாகத்தான் வந்து விழுந்தது.

“ஏம்மா, ஒரு சங்கதி கேக்கட்டுமா? எங்க ஊர்ல வெளியே காத்து கெடையாது. வாசல்ல நிக்கவுக நெஞ்சுல வெச்சிருக்க காத்து தீர்ந்தா முடிஞ்சுது. அங்க போயி வருகையர், உரிமையர்னு நிப்பாட்டினா எப்படிம்மா?”

“உரிமையரா சேர வழி இருக்குங்க,” என்று பூங்கோதை சேர்ப்பு வேண்டுகோளை விளக்கினாள். “வாயைத் திறந்து கேட்டாப் போதும்.”

“இத்தனை நாட்டுல இத்தனை கதவு வித்திருக்கியளே, எத்தனை பேரு கேட்டாவ?”

பூங்கோதைக்கு விடை தெரியும். வாயிலிகள் அனைத்தும் அவள் ஆய்வகத்துக்குத்தான் செய்தி அனுப்பும். “ஒருத்தர்கூட இல்லை,” என்றாள்.

“யாரும் குடுக்க மாட்டேன்னு சொன்னாவளா?”

“சொல்லலை. யாரும் கேக்கவே இல்லையே.”

அடயேமி அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். “திருடனை நிப்பாட்ட இம்புட்டு அறிவு தேவைப்பட்டிருக்கு உங்களுக்கு. பொம்பளையாளை நிப்பாட்ட ஒண்ணுமே தேவைப்படலை, பாத்தியா? கதவு சும்மா இருந்தாலே அவ நின்னுக்கிடுவா,” என்றார். பிறகு சிரித்தார். “நீ மட்டும் என்ன, மணிக்கொரு தடவை நிக்கே!”

மறுநாள் கடைசிக் காட்சி. பூங்கோதை பட்டுச் சேலை கட்டவில்லை. வேலைக்குப் போகும் பருத்திச் சேலையில் வந்து கல்லின் மேல் நின்றாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. பறக்கும் படப்பொறிகள் அவளைச் சுற்றி மிதந்தன.

“வருகையர் பூங்கோதை. உரிமையரின் அனுமதிக்குக் காத்திருக்கவும்.”

“வா, கோதை,” என்றான் உள்ளேயிருந்து இளம்பரிதி.

கதவு திறந்தது. பூங்கோதை அசையவில்லை. கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவு மூடிக்கொண்டது.

“கோதை? வா.”

மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. செவிமணியில் ரொசாரியோ பதறினார்: “என்னம்மா பண்ணுதே? நேரலை ஓடுது! உள்ள போ!”

“நான் போகலை சார்,” என்றாள் உரக்க.

இளம்பரிதி வெளியே வந்தான். அவன் பின்னால் கதவு மூடிக்கொண்டது. “என்னாச்சு? உடம்புக்கு முடியலையா?” என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. கூப்பிட்டா உள்ள போற ஆளா எனக்கு இருக்க முடியலைங்க. கப்பலா நான்?”

அவன் முகம் வெளுத்தது. சுற்றிலும் மிதந்த படப்பொறிகளைப் பார்த்தான். “உள்ள போயிப் பேசுவோம்,” என்று கதவின் பக்கம் திரும்பினான். “நான்தான். திற.”

“குரல் சரி. நாடி சரியில்லை,” என்றது வாயிலி. “உரிமையர் அச்சத்தில் இருக்கிறார். அருகில் நிற்பவரால் ஆபத்து இருக்கலாம். காத்திருக்கவும்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இதுவும் ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்து, முன்வரிசை எழுந்து நின்று தட்டியது.

“உன்னைத்தான் சொல்லுது,” என்றான் இளம்பரிதி மெல்ல.

“ஆமா. சரியாத்தான் சொல்லுது.”

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“உங்க நெஞ்சு அடங்கற வரைக்கும்.”

அடங்கவில்லை. அத்தனை கண்கள் பார்க்கும்போது எப்படி அடங்கும்? கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தான், எடுத்தான், கட்டிக்கொண்டான். கல்லில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அவன் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நின்றான். தன் வாழ்நாளில் எந்தக் கதவுக்கு முன்னும் அவன் அப்படி நின்றதில்லை.

“எல்லாரும் பார்க்காங்கடி.”

“பார்க்கட்டும். நம்ம தெரு தினமும் பார்க்குது.”

 அவன் அவள் பக்கம் குனிந்து, “நான் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்லையே, கோதை,” என்றான்.

“சொன்னதில்லைதான். சொல்ல முடியும்ங்கறதுதான் விஷயம்.”

“நீ கேட்டிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். நீதான் வாயே திறக்கலையே.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். உலகத்துக் கணவன்மார்களில் முக்கால்வாசிப் பேர் கொடுத்திருப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் கேட்கட்டும் என்று இவர்களும், இவர்களே சொல்லட்டும் என்று அவர்களும் இருந்ததில், உலகம் முழுவதும் பெண்கள் மீன் பையோடு மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கௌரவமான மௌனத்துக்குத் தான் ஒரு பொறியியல் விதியும் எழுதிக்கொடுத்திருப்பதை நினைத்தபோது, அவளுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. முதல் கோபம் தன் மேல்.

அவள் கழுத்து நிமிர்ந்ததைப் பார்த்த ரொசாரியோவுக்கு என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. அவர் தலைக்கு மேல் ‘ஒரு வாசல், ஒரு குரல்’ என்று தங்க எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன. “கோதை, வேண்டாம்! அது சட்டத்துக்காக வெச்சது, விக்கதுக்கு வெச்சதில்லை! வீட்ல போயிக் கேட்டுக்கோம்மா!” என்று செவிமணியில் கெஞ்சினார். அவள் அசையாததைக் கண்டதும் மேடையின் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்.

ஒலிபெருக்கி நின்றது. மண்டபத்தில் இருந்தவர்கள், என்ன என்று தெரியாமல் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் அடயேமி அம்மாள் பேச்சுமாற்றியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாக் கூட்டத்தின் நடுவிலும் ஒற்றைத் தொண்டையைப் பிரித்துக் கேட்கும்படி அந்தக் கதவைச் செய்தவள் அவள். அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

பூங்கோதை கல்லின் மேல் நின்றபடியே கணவனைக் கையைப் பிடித்துத் தனக்கு நேராக நிறுத்திக்கொண்டாள். கெஞ்சும் குரல் வந்துவிடக் கூடாது என்று ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு, மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாள்:

“நான் பூங்கோதை. இனிமே எனக்கு யாரும் வான்னு சொல்ல வேண்டாம். உங்க குரலோட என் குரலையும் இந்த வீட்டுக்கு உரிமைக் குரலா சேருங்க.”